பழைய சுருதி

ஜூன் 3, திங்கள்

காலையில் ஆறு மாணவர்கள். மூன்று பேருக்கு இன்னும் கம்பியில் விரல் சரியாகப் பதியவில்லை. சரோஜினி அம்மா மட்டும் வீட்டில் சாதகம் செய்துவிட்டு வருகிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. என் கிட்டார் வகுப்பிலேயே ஒழுங்கான மாணவி அவர்தான்.

பதினொரு மணிக்கு வத்சன் போன் செய்தான். யார் எண் என்று தெரியாததால் எடுத்துவிட்டேன்.

"ஹெப்சி, நான்தான்."

இருபத்து மூன்று வருடம் கழித்துப் பேசுகிறவன் "நான்தான்" என்றால் போதும் என்று நினைத்திருக்கிறான். போதுமாகத்தான் இருந்தது. அந்தக் குரலை ஷேர் ஆட்டோவில் கேட்டிருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதுகூடக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பேண்டு தொடங்கி இந்த வருடத்தோடு இருபத்தைந்து ஆண்டுகள். 'ஆறாம் பிளாட்பாரம்'. ஆகஸ்ட் பத்தாம் தேதி கோயம்புத்தூரில் பெரிய நிகழ்ச்சி. 'ரெண்டாவது மணி' பாட்டை மட்டும் பழைய மூன்று பேர் சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். பாட அவன், டிரம்ஸுக்கு இதாயத், கிட்டாருக்கு நான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். போனை வைத்துவிட்டு மீன் கழுவினேன். முள் குத்திவிட்டது. நல்லவேளை, கம்பியை அழுத்தாத வலது கை.

ஜூன் 4, செவ்வாய்

வர முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று மாலை ஆழ்வார்பேட்டையில் என் தனிக் கச்சேரி. நாற்பது நாற்காலி, முப்பத்தொரு பேர். அமைதியாகக் கேட்கிற கூட்டம். எனக்கு அப்படிப்பட்ட கூட்டம்தான் பிடிக்கும். கிட்டாரும் நானும் மட்டும், பாட்டு கிடையாது, ஒன்றரை மணி நேரம். கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் பூங்கோதை, "அடுத்த தடவை நிறைஞ்சிடும்க்கா" என்றாள். நான்கு வருடமாக இதையே சொல்கிறாள். நல்ல பெண்.

முடிந்ததும் ஒருவர் வந்து கை கொடுத்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். ஒரு இடத்துல 'ரெண்டாவது மணி' ஆரம்பம் மாதிரியே வந்துச்சு. அந்த வீடியோவுல ஒரு பையன் வாசிப்பானே, அச்சு அசலா அதே கை."

நன்றி சொன்னேன்.

அந்தப் பையனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. துணிக்கடை விளம்பரங்களில் நடித்துக்கொண்டிருந்தவன். 2001இல் வீடியோ எடுத்த அன்று அவன் பிடித்துக்கொண்டிருந்த சிவப்புக் கிட்டார் என்னுடையது. நான் கேமராவுக்குப் பின்னால் அதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வாரை எந்தத் தோளில் மாட்ட வேண்டும் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "பொண்ணு கிட்டார் வாசிச்சா கதைக்குச் சேராதுன்னு கேசட் கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க ஹெப்சி. நான் என்ன பண்றது?" என்றான் வத்சன். வீடியோ ஓட ஆரம்பித்ததும் மேடையிலும் அந்தப் பையனே நின்றான். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். மூன்று மேடை. நான்காவதுக்குப் போகவில்லை. கேசட் அட்டையில் என் பெயர் 'நன்றி' என்ற தலைப்பின் கீழ், சாப்பாடு போட்ட மெஸ்காரருக்கு அடுத்து இருக்கிறது.

ஒரு சண்டை போட்டிருக்கலாம் அவன். ஒரே ஒரு தடவை, "அவ இல்லாம முடியாது" என்று சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் போன் செய்து வருகிறேன் என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் ஒத்திகை. வடபழனியில் இதாயத்தின் ஸ்டூடியோ. இதாயத்துக்கு முழு வழுக்கை. என்னைப் பார்த்ததும் பேசாமல் டிரம்மில் நாலு தட்டுத் தட்டினான். வத்சன் இளைத்திருக்கிறான். கழுத்தைச் சுற்றித் துண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்க்.

ஆரம்பத்தை வாசித்தேன். உடனே கையைக் காட்டி நிறுத்தினான். "மூணு சுரம் இறக்கி வாசிக்கலாமா? வயசாயிடுச்சுல்ல" என்று சிரித்தான். இறக்கி வாசித்தேன். அப்படியும் சரணத்தின் கடைசியில், 'இன்னும் ஒருமுறை கூப்பிடு' என்று மேலே போகிற இடத்தில், அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

இடைவேளையில் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனான்.

"தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு ஹெப்சி. ரெண்டு வருஷமாச்சு. மேல போனா பிடிமானமே இல்ல. இதாயத்துக்குத் தெரியும். இப்ப உனக்கு. வெளிய தெரிஞ்சா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். அதான் சொன்னேன்."

சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

ஒரு கேப்போ போதும்.

கிட்டார் கழுத்தில் கிளிப் மாதிரி மாட்டுகிற சின்னச் சாமான். மூன்றாவது ஃப்ரெட் கட்டத்தில் மாட்டினால், விரல்கள் ஒத்திகையில் வாசித்தபடியே வாசிக்கும், சத்தம் மட்டும் மூன்று சுரம் ஏறி வரும். அதாவது 2001இன் சுருதி. டிரம்ஸுக்குச் சுருதி எதுவானாலும் கவலையில்லை. பாட்டு கிட்டாரில் ஆரம்பிக்கிறது. ஆரம்பித்துவிட்டால் மூவாயிரம் பேர் முன்னால் நிறுத்தச் சொல்ல அவனால் முடியாது.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றினேன்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்றாவது ஒத்திகை. இதாயத் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ஈரோட்டுக் கல்லூரியில் கரண்ட் போய் இருட்டிலேயே நாலு பாட்டு வாசித்த கதையை வத்சன் சொன்னான். விளக்கு வந்தபோது இதாயத் மேடையின் ஓரத்தைப் பார்த்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. சந்தேகம் வராமல் இருக்க இப்படிப் பழகுவதுதான் நல்லது.

வத்சனின் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் பார்த்தேன். எங்கே திணறுகிறான் என்று தெரிந்துகொள்ளத்தான். பதினொரு வீடியோ.

ஜூலை 13, சனி

சரோஜினி அம்மா இன்று, "இப்பல்லாம் வாசிக்கும்போது உங்க முகம் நல்லா இருக்கு டீச்சர்" என்றார். அவருடைய விரல் தப்பாக இருக்கிறது என்று சொல்லி அதே பாடத்தை மறுபடி வாசிக்க வைத்தேன். விரல் தப்பாக இல்லை.

ஜூலை 20, சனி

கேப்போ வேண்டாமோ என்று தோன்றுகிறது. இன்று அந்தப் பாட்டு நன்றாக வந்தது. இறக்கிய சுருதியிலும் நன்றாகத்தான் இருக்கிறது. அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஒத்திகை முடிந்து கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். வத்சன் பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வந்து தயங்கினான்.

"ஹெப்சி, அந்த வீடியோ..."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"அந்த வீடியோவ நமக்குப் பின்னாடி பெரிய ஸ்கிரீன்ல ஓட விடப் போறாங்களாம். ஜனங்களுக்குப் பழைய ஞாபகம் வரும்ல. உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன?" என்றேன்.

வரும் வழியில் இசைக்கருவிக் கடையில் புதுக் கேப்போ வாங்கினேன். பழையதில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கோயம்புத்தூர் ரயிலில் இருக்கிறேன். எதிர் இருக்கையில் இதாயத் வாய் திறந்து தூங்குகிறான். வத்சன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, பாட்டைச் சத்தமில்லாமல் பாடிப் பார்க்கிறான். எனக்குப் பசிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லூரி மைதானம். ஆறரை மணிக்கு ஆரம்பம். மூவாயிரம் பேர் இருப்பார்கள். எங்கள் வயதுக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் வத்சன் மைக்கில் பேசினான். இதாயத்தை அறிமுகப்படுத்தினான். என்னை, "எங்க ஹெப்சிபா, அருமையான கிட்டாரிஸ்ட்" என்றான். கைதட்டினார்கள். அதே நேரம் எனக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் அந்தத் துணிக்கடைப் பையன் என் சிவப்புக் கிட்டாரோடு தலையைச் சிலுப்பினான். கூட்டம் ஓவென்றது. எனக்கு விழுந்ததைப் போல மூன்று மடங்கு சத்தம்.

கேப்போவை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டினேன்.

அவன் காதுக்கு இரண்டு சுரம் போதும். சட்டென்று திரும்பினான். மைக்கை விட்டு இரண்டடி நகர்ந்து என் பக்கம் வந்தான். "ஹெப்சி, இறக்கு" என்றான், உதடு அசையாமல். நான் அவன் முகத்தையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் நடந்ததோ என்று அவன் நினைத்துவிடக் கூடாது. நினைக்கவில்லை. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு மைக்குக்குப் போய்விட்டான்.

பல்லவியைப் பாடிவிட்டான். கீழே இருக்கிற சுரங்கள். கூட்டமும் சேர்ந்து பாடியது. சரணத்தில் நெற்றி வேர்த்தது. தாழ்த்திப் பாடியிருக்கலாம். பாடாமல் கூட்டத்தின் பக்கம் மைக்கை நீட்டியிருக்கலாம், எல்லாப் பாடகர்களும் செய்வதுதான். அவன் செய்யவில்லை. 'இன்னும் ஒருமுறை' என்று மூச்சை இழுத்து மேலே போனான். 'கூப்பிடு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றான். அடிபம்பில் தண்ணீர் நின்று காற்று மட்டும் வருமே, அப்படி வந்தது.

தொண்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. இதாயத்தின் கை நின்றுவிட்டது. பின்னால் வீடியோவில் மட்டும் இருபத்தைந்து வயது வத்சன் வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தான்.

நான் எட்டு வாரமாகக் காத்திருந்த இடம் இதுதான்.

அந்த வரியைக் கிட்டாரில் வாசித்தேன். மேலே, அவனால் போக முடியாத இடத்தில், தனியாக. மறுபடி வாசித்தேன். மூன்றாவது தடவை இதாயத் மெதுவாகச் சேர்ந்துகொண்டான். கூட்டம் பாட ஆரம்பித்தது, மூவாயிரம் பேர் 'கூப்பிடு கூப்பிடு' என்று. கடைசிவரை கிட்டார்தான் பாடியது. முடிந்தபோது வத்சன் வந்து என் தோளில் கை வைத்தான். என் இரண்டு கையும் கிட்டாரில் இருந்தன. தட்டிவிட முடியவில்லை.

ஏன் வாசித்தாய் என்று கேட்டால், பாட்டு பாதியில் நின்றால் என் வாசிப்பும் நின்றுபோகும். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மேடைக்குப் பின்னால் வத்சன் வெந்நீர் குடித்தான். இதாயத்தான் கேட்டான்.

"கேப்போ எங்கருந்து வந்துச்சு?"

"பழக்கதோஷத்துல மாட்டிட்டேன்."

"சரி" என்றான். டிரம் குச்சிகளைப் பையில் வைத்துவிட்டு, "நீ எதையும் மறக்கிற ஆள் இல்லையே ஹெப்சி" என்றான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

யாரோ போனில் எடுத்ததைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'குரல் உடைந்த நண்பனைக் காப்பாற்றிய கிட்டார்' என்று தலைப்பு. கீழே ஆயிரக்கணக்கில் பின்னூட்டம். 'நட்புன்னா இதுதான்.' 'இந்த அம்மா யாரு, இத்தனை நாள் எங்க இருந்தாங்க?' 'அழுதுட்டேன்.'

நான் ஒன்றும் அழவில்லை.

பூங்கோதை நாலு தடவை போன் செய்தாள். கடைசியில் எடுத்தேன். "அக்கா, எல்லா ஊர்லயும் கேக்கிறாங்கக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

ஏழு கச்சேரிக்கு அழைப்பு. பாண்டிச்சேரியில் முந்நூற்றைம்பது இருக்கையும் மூன்று நாளில் நிரம்பிவிட்டன.

வத்சன் ஒரு யூடியூப் சேனலுக்குப் பேட்டி கொடுத்திருக்கிறான். குரல் கரகரவென்று இருக்கிறது. தொண்டை ஆபரேஷனை அவனே சொல்லிவிட்டான். "அன்னைக்கு என்னைத் தாங்கிப் பிடிச்சது ஹெப்சிபாதான்" என்கிறான். சொல்லும்போது கேமராவை நேராகப் பார்க்கிறான். அந்த இடத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நன்றி சொல்கிறான். பெரிய மனது என்று காட்டுகிறானா, இல்லை என் வாயை அடைக்கிறானா?

நான் செய்தது எனக்கு வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் ஒரு நல்ல காரியத்தை வைத்துவிட்டார்கள். கிட்டார் வாசித்தேன், ஒரு பையன் பெயரில் போனது. பழி வாங்கினேன், அதுவும் நட்பின் பெயரில் போகிறது.

சரோஜினி அம்மா லட்டு வாங்கி வந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேற்று பாண்டிச்சேரி. அரங்கம் நிறைந்து, படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். என் தனிக் கச்சேரிக்கு இப்படி ஒரு கூட்டம் முதல் தடவை. முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. நடுவில் பூங்கோதை மேடையேறி, "உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். உடைஞ்ச ஒரு குரலைத் தன் கிட்டாரால தாங்கின..." என்று ஆரம்பித்தாள். கைதட்டல். அவளிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"அது அப்படி இல்லீங்க" என்றேன். "அந்தப் பாட்டை மூணு சுரம் இறக்கித்தான் ஒத்திகை பார்த்தோம். மேடையில வேணும்னே ஏத்தி வாசிச்சேன். அவரால பாட முடியாதுன்னு எனக்குத் தெரியும். என்னை நம்பி அவரே சொல்லியிருந்தார். அவர் குரல் உடையணும்னுதான் செஞ்சேன்."

பூங்கோதை என் முழங்கையைப் பிடித்தாள். விடவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "ஏன் மேடம் அப்படிச் செஞ்சீங்க?"

"அந்த வீடியோவுல ஒரு பையன் வாசிப்பான், பார்த்திருப்பீங்க. அது என் கை. அதுக்காக."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். முப்பது பேர் எழுந்து போனார்கள். எண்ணினேன். மற்றவர்கள் இருந்தார்கள். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் வாசித்த மாதிரி நான் எப்போதும் வாசித்ததில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

நான்கு கச்சேரி ரத்து. நேற்றுவரை அழுதவர்கள் இன்று திட்டுகிறார்கள். 'பாம்பு' என்று ஒருவர். பரவாயில்லை, அதையாவது என் பெயருக்கே போட்டிருக்கிறார்கள்.

இதாயத் போனில் கத்தினான். "உன்னை யார் சொல்லச் சொன்னா? நல்லாத்தான போயிட்டிருந்துச்சு? அவனே வாயை மூடிட்டு இருந்தான்."

"அதனாலதான்" என்றேன்.

பூங்கோதை இரண்டு நாளாகப் பேசவில்லை. அவளிடம் மட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலை பத்து மணி. சரோஜினி அம்மா மட்டும் வகுப்பில் இருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால் வத்சன். கழுத்தில் கட்டு. பேசவில்லை. தொண்டையைக் காட்டிக் கையை விரித்தான்.

சரோஜினி அம்மா அவனையும் என்னையும் பார்த்தார். "நான் நாளைக்கு வர்றேன் டீச்சர்" என்று கிளம்பினார். போகும்போது தன் பாட நோட்டையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அவன் எழுதினான்: 'மறுபடி ஆபரேஷன். ஆறு வாரம் பேசக் கூடாது.'

"என்னாலயா?"

'டாக்டர் இல்லைங்கறார். எப்படியும் வந்திருக்குமாம்.'

"நீ என்ன நினைக்கிற?"

பேனாவை மூடி வைத்தான். காபி போட்டுக் கொடுத்தேன். ஆற வைத்துக் குடித்தான். இவனைக் கெஞ்ச வைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். கெஞ்சுவதற்குக்கூடக் குரல் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

நோட்டை மறுபடி இழுத்தான்.

'வீடியோல உன்னை வேண்டாம்னு கம்பெனி சொல்லல. நான்தான் சொன்னேன்.'

படித்தேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன்.

"ஏன்?"

பேனாவை மறுபடி எடுத்தான்.

'மேடையில எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க. நான் பாடிட்டிருக்கும்போதும்.'

இருபத்து மூன்று வருடமாக முகம் தெரியாத ஒரு கம்பெனிக்காரனைச் சபித்துக்கொண்டிருந்தேன். சண்டை போடாமல் நின்றதற்காகத்தான் இவனை வெறுத்தேன். அப்படியானால் கோயம்புத்தூரில் இவனைப் பாதிக் குற்றத்துக்குத்தான் தண்டித்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாண்டிச்சேரியில எழுந்து கேட்டாங்களே, ஏன்னு. இதைத்தான் சொல்லியிருக்கணும்" என்றேன். "நீ வெளிய சொல்லுவியா?"

'குரல் வந்ததும்.'

"வரலன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். குனிந்து எழுதினான்.

'நீயே சொல்லிடு.'

வாசல்வரை போனேன். மன்னிப்பு அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து இறங்கினான். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். சரோஜினி அம்மாவுக்குப் புது நோட்டு வாங்க வேண்டும்.

அக்டோபர் 5, சனி

மத்தியானம் திருச்சியில் கச்சேரி. பூங்கோதை வந்திருந்தாள். அதிகம் பேசவில்லை, ஆனால் நாற்காலிகளை அவளே வரிசையாகப் போட்டாள். நாற்பத்தாறு பேர்.

முடிவில் ஒருவர் எழுந்து, "வத்சன் சார் அன்னைக்கு அப்படி என்னதான் செஞ்சார்? ஒரு வீடியோவுக்காக இவ்வளவா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். பதில் அவன் கையெழுத்திலேயே என் பையில் இருந்தது.

"அடுத்தது புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். கேளுங்க" என்று வாசித்தேன்.

டாக்டர் ஆறு வாரம் என்று சொல்லியிருக்கிறார். அவன் வாயாலேயே சொல்ல நான் எட்டு வாரம் கொடுக்கிறேன்.